இரண்டு பழைய வீடுகளை ஒன்றாக்குகிறோம்: நிலைத் தாமரையை எதுவரை கொண்டுபோகலாம்?

வேலப்பாடிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் வேலப்பாடியில் எங்கள் தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், கடைசியில் சமையற்கட்டு என்று தெருவிலிருந்து பின்னால் நீண்டுகொண்டே போகும் வீடு அது. அகலம் 18 அடிதான். நீளம் 80 அடிக்குக் குறையாது. கூரை முழுவதும் மெட்ராஸ் ஒட்டு, அதாவது மரச் சரங்களின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட தளம். இதன் வடக்குச் சுவரை ஒட்டி நிற்கும் வீட்டில் இருந்தவர்கள் சென்னைக்கே போய்விட்டதால், சென்ற தை மாதத்தில் அதையும் நாங்களே வாங்கிக்கொண்டோம். சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருக்கும் அண்ணன் குடும்பமும், 74 வயதான அம்மாவும், நாங்களும் இனி ஒரே சமையற்கட்டில் சாப்பிடுவது என்று முடிவாகியிருக்கிறது.

இரண்டும் ஒரே காலத்து வீடுகள்தாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டின் முன்பாதியை 1960களில் இடித்து, கான்கிரீட் தளம் போட்டு, கறுப்புக் கரை வைத்த சிவப்பு ஆக்சைடு தரையும், கதவுக்கு மேலே அரைவட்டக் கம்பி வெண்டிலேட்டரும் வைத்திருக்கிறார்கள். பின்பாதி மட்டும் பழைய சுண்ணாம்புக் கட்டடமாகவே நிற்கிறது. ஆக எங்கள் கையில் இருப்பது இரண்டு வீடு என்றாலும், கண்ணுக்குத் தெரிவது மூன்று வீடு.

இவற்றை ஒரே வீடாகக் காட்ட ஒரு பொது அடையாளம் வேண்டும் என்று வீட்டு அலங்கார வடிவமைப்பாளர் ஒருவர் சொன்னார். அது சரியாகவே பட்டது. தாத்தா வீட்டு வாசல் நிலையின் நெற்றியில் பாதி விரிந்த தாமரை ஒன்றும், அதன் இருபுறமும் கிளி ஒன்றும் செதுக்கியிருக்கிறார்கள். அந்தத் தாமரையையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். மகிழ்ச்சியாகத் தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்து அவர் அனுப்பிய கணினிப் படங்களில் இரும்புக் கேட்டில் தாமரை, கூடத்தின் பொய்க்கூரையில் தாமரை, அலமாரிக் கதவுகளில் தாமரை, கண்ணாடித் தடுப்பில் தாமரை, குளியலறை ஓட்டிலும் தாமரை. என் மனைவி பார்த்துவிட்டு, முகூர்த்த நாளில் வாடகைக்கு எடுத்த மண்டபம்போல இருக்கிறது என்றாள். அம்மா சொன்னது அதைவிடச் சுருக்கம்: "வாசல்ல இருக்கிற பூ வாசல்ல இருந்தாத்தான் அதுக்கு மரியாதை. குளிக்கிற எடத்துல எதுக்குடா அது?"

ஒரே அடையாளத்தால் பல வீடுகளைக் கட்டிப்போடுவது என்பது உண்மையில் எப்படிச் செய்யப்படுகிறது? நடுச்சுவரில் இரண்டு இடங்களில் வழி திறக்க வேண்டியிருக்கிறது. தெருப்பக்கமிருந்து அளந்து பார்த்ததில் அந்தச் சுவர் ஏறக்குறைய 20 அங்குலக் கனம். பக்கத்து வீட்டுத் தரை எங்கள் தரையைவிட 7 அங்குலம் உயரம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


காட்பாடி, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் எழுதியது:

தாமரையைப் பற்றிப் பேசத் தகுதியானவர்கள் பின்னால் வருவார்கள். நான் சுவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இறங்கிய உத்திரத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

18 அடி அகல வீட்டில் கூடத்து உத்திரங்கள் பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவருக்குப் போகும். சரங்கள் எனப்படும் சிறு மரக்கட்டைகள் அந்த உத்திரங்களின்மேல் குறுக்கே உட்காரும். சரங்களின்மேல் மெல்லிய ஒட்டுச் செங்கலைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டிப் பதித்து, கடைசியாகத் தட்டையான ஓடுகளை ஒட்டியிருப்பார்கள். அந்த மொத்தப் பாரமும் உத்திரத்தின் நுனி வழியாக, நீங்கள் உடைக்க நினைக்கும் அதே சுவரில் குறிப்பிட்ட சில புள்ளிகளில் இறங்குகிறது. ஆகவே வழி எங்கே வேண்டும் என்பதை அலங்காரப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அண்ணாந்து பார்த்து, ஒவ்வோர் உத்திரத்துக்கும் நேர்கீழே சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அதையே மறுவீட்டிலும் செய்து, இரண்டு வீட்டுக் கோடுகளையும் ஒரே காகிதத்தில் ஏற்றுங்கள். இரண்டு பக்கத்திலும் கோடு விழாத இடம் எதுவோ அதுதான் உங்கள் வாசல். நான்கு அடி அகலத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இரண்டு வழிகளுக்கு நடுவில் தாராளமாகச் சுவரை விடுங்கள்.

திறக்கும் முறையையும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டு கொடுத்த பிறகே உளி சுவரில் படவேண்டும். முதலில் சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் மேலே குடைந்து ஓர் இரும்பு ஐ பீமை ஏற்ற வேண்டும். இரண்டு நுனியிலும் கான்கிரீட் மெத்தை போட்டு, அதன்மேல் ஓர் அடியாவது பீம் உட்கார வேண்டும். பீமுக்கு மேலே உள்ள இடைவெளியை ஈரம் குறைந்த கலவையால் இறுக்கி அடைக்க வேண்டும். அது இறுகிய பிறகுதான் மறுபாதிக்கு இரண்டாவது பீம். இரண்டும் நின்றபின் கீழே உடைக்கலாம். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் மேஸ்திரிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உத்திரம், சரம் ஆகியவற்றின் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். சுவருக்குள் புதைந்த நுனிதான் முதலில் கெடும். ஒரு திருப்புளியை எடுத்து நுனிக்கு அருகில் குத்திப் பாருங்கள். இரும்புபோலத் திருப்பியடித்தால் கவலையில்லை, வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் கரையானோ ஈரமோ உள்ளே குடியிருக்கிறது.

பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூச வேண்டாம். அடியிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். இரண்டு மழைக்காலத்துக்குள் உப்புப் பூத்துப் பொருபொருவென்று உதிரும்.

இறுதியாக ஒன்று. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கடுத்த 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அதற்குள் வந்தால் பழுதுபார்ப்புக்கும் முன்அனுமதி வேண்டும். வேலப்பாடியில் உங்கள் தெரு அதற்கு வெளியே இருக்கலாம். ஆனாலும் அளந்து தெரிந்துகொண்டு, மாநகராட்சி அனுமதியையும் பெற்றுக்கொண்டு தொடங்குங்கள்.


கட்டடக்கலை ஆசிரியை எழுதியது:

பொறியாளர் ஐயா சொன்னதில் சேர்க்க எதுவும் இல்லை. நான் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

கொழும்பில் 33ஆவது ஒழுங்கையில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு இருக்கிறது. வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளில் மூன்றாவதை அவர் 1958இல் எடுத்துக்கொண்டார். சிறிது காலத்தில் நான்காவதும் கைக்கு வந்தது. மற்ற இரண்டும் சேர ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆயின. முதல் வீட்டை இடித்து அங்கே மாடிகளை எழுப்பினார். மற்றவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துவிட்டார். உள்ளே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பழைய கட்டடங்களிலிருந்து வாங்கிவந்த தூண்களும் கதவுகளும் நிற்கின்றன. எதற்கும் எதற்கும் உறவில்லை. ஆனாலும் அது ஒரே வீடாக இருக்கிறது. வெள்ளைச் சுவர்கள், ஒரு நீண்ட நடை, அந்த நடையின் ஓரத்திலும் கடைசியிலும் வானத்துக்குத் திறந்த சின்னச் சின்ன முற்றங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் இருட்டு, அதற்கப்பால் மேலிருந்து இறங்கும் வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் அங்கே திரும்பத் திரும்ப வருகிற உருவம். எங்கும் அச்சடித்த பூ கிடையாது.

லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞரும் இதையே வேறு விதமாகச் செய்தார். 1792இல் ஒரு வீட்டை வாங்கியவர், 1824க்குள் அதையும் சேர்த்து அடுத்தடுத்த மூன்று மனைகளையும் தன்னுடையதாக்கி, மேலிருந்து ஒளி விழும் அறைகளால் அவற்றைக் கோத்தார். இன்று அது அருங்காட்சியகம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அடையாளம் என்பது படமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள் என்பதே. இரண்டு முற்றங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு வழி திறந்தால், அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். அதற்கு மேல், எல்லாக் கதவுகளின் தலைமட்டத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஒரே வீட்டில் நடக்கிறோம் என்று தோன்றும்.


ஆரணி, தச்சர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஆசிரியை அம்மா மன்னிக்க வேண்டும். பூவே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். எங்கள் அப்பா நிலை செதுக்கியே எங்களை வளர்த்தவர். ஒரு நிலையின் நெற்றியில் இருக்கும் பூ, வீட்டுக்காரர் கூலி கொடுத்து, நாள் பார்த்து, கண்ணெதிரே உட்கார்ந்து செதுக்க வைத்தது. அதை மறந்துவிட்டு வெள்ளைச் சுவரும் வெளிச்சமும் போதும் என்பது கொழும்புக்குப் பொருந்தலாம்.

ஆனால் அதைக் கணினி வழியாக வெட்டும் சிஎன்சி இயந்திரத்தில் கொடுத்து, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் நாற்பது முறை வெட்டுவதற்கும் நான் எதிரிதான். ஒரு நாள் காலையில் கோட்டைக்குள் போய் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். எல்லோரும் யாளித் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் விதானத்தை அண்ணாந்து பாருங்கள்: விரிந்த தாமரையும் அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளும் இருக்கும். உங்கள் தாத்தா வீட்டு நிலையில் தாமரையும் கிளியும் சேர்ந்து வந்தது அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். கல்லில் கண்டதை மரத்தில் இறக்குவது எங்கள் ஆள்களின் வழக்கம். அங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: தூணில் யாளி, விதானத்தில் தாமரை. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. ஒவ்வோர் உருவத்துக்கும் ஓர் இடம், அந்த இடத்தில் அதற்கு ஒரு வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன். தாராசுரத்தில் ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பம் உண்டு. யானையின் உடல் ஒருபுறம், காளையின் உடல் ஒருபுறம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. கையால் ஒரு பக்கத்தை மறைத்தால் முழு யானை, மறுபக்கத்தை மறைத்தால் முழுக் காளை. அந்தச் சிற்பி யானையின் உடம்பில் காளையின் அடையாளத்தைப் பூசவில்லை. இரண்டும் சேர்கிற அந்த ஒரு தலையில்தான் தன் முழுக் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டியிருக்கிறான். உங்கள் வீட்டிலும் தாத்தா வீடு தாத்தா வீடாகவே இருக்கட்டும், 1960களின் வீடு அப்படியே சிவப்புத் தரையோடு இருக்கட்டும்; இரண்டும் சேர்கிற அந்த இரண்டு வழிகளில் மட்டும் உங்கள் அடையாளத்தை வையுங்கள்.

எப்படி வைப்பது என்பதற்கு ஒரு யோசனை உண்டு. பக்கத்து வீட்டு வெண்டிலேட்டர் அரைவட்டக் கம்பி என்றீர்கள். நடுவிலிருந்து விசிறிபோலக் கம்பிகள் விரியும் அமைப்பாகத்தான் இருக்கும். உங்கள் நிலையில் இருப்பதோ பாதி விரிந்த தாமரை. இரண்டுமே அரைவட்டத்துக்குள் விரிகிற உருவங்கள். தயவுசெய்து ஏணி போட்டு ஏறித் தாமரையின் இதழ்களையும் அந்தக் கம்பிகளையும் எண்ணிச் சொல்லுங்கள்.

(கேட்டில் வைக்க வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் ஊரில் வாசலில் தாமரை வைத்தால் ஒரு கட்சி, விரிகிற அரைவட்டத்தை வைத்தால் இன்னொரு கட்சி. தேர்தல் நேரத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லி முடியாது.)


குடியாத்தம் மருமகள் எழுதியது:

பூ, கிளி, வெளிச்சம் எல்லாம் சரி. 74 வயது அம்மா அந்த 7 அங்குலத்தை எப்படி ஏறுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை!

எங்கள் மாமனார் வீட்டையும் சின்ன மாமனார் வீட்டையும் ஆறு ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் சேர்த்தோம். அங்கே வித்தியாசம் 5 அங்குலம். ஒரே படிதானே என்று விட்டுவிட்டோம். வீட்டுக்குள் எதிர்பாராத இடத்தில் இருக்கும் ஒற்றைப் படி, பத்துப் படி மாடிப்படியைவிட மோசம். அதில் என் மாமியார் இரண்டு முறை தடுக்கினார்; இரண்டாவது முறை மணிக்கட்டு முறிந்தது. பிறகுதான் சரிவு போட்டோம். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. உங்களுக்கு 7 அடி தேவைப்படும். வழி திறக்கும் இடத்திலேயே அதைப் போட முடியாது. தாழ்வாரத்தின் ஓரமாகச் சுவரோடு ஒட்டி, கைப்பிடி வைத்துப் போடுங்கள். அதற்கு இடம் இருக்கிற பக்கத்தில் வழியைத் திறப்பது புத்திசாலித்தனம். பொறியாளர் ஐயா சொன்ன கோடுகளோடு இந்தக் கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்புத் தரையைத் தயவுசெய்து ஒட்டுப் போடாதீர்கள். எத்தனை கெட்டிக்காரக் கொத்தனார் வந்தாலும் புதிய சிவப்பு பழைய சிவப்போடு சேராது; அறுபது ஆண்டுகள் பாதம் பட்ட மெருகு டப்பாவில் கிடைக்காது. சுவர் எடுத்த இடத்தில் நாங்கள் கறுப்புக் கடப்பைக் கல்லை ஒரு பட்டையாகப் பதித்தோம். அங்கேதான் முன்பு சுவர் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும், தெரியட்டுமே. உங்கள் ஆக்சைடு தரையில் ஏற்கெனவே கறுப்புக் கரை இருப்பதால் அது உறுத்தாது.

முற்றத்துக்குப் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடலாம் என்று ஆசை காட்டுவார்கள். நாங்கள் ஒரு முற்றத்தை மூடினோம். வேலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டும் நாளில் அந்தத் தகட்டின் கீழே அப்பளம் காய வைக்கலாம். சூடு மேலே ஏறி வெளியே போகத்தான் முன்னோர் அந்த ஓட்டையை விட்டார்கள். குரங்குத் தொல்லைக்குக் கம்பி மட்டும் போட்டால் போதும். இரண்டு முற்றத்துத் தண்ணீரையும் ஒரே மழைநீர்த் தொட்டிக்கு விட்டுவிடுங்கள்.

மின் இணைப்பு இரண்டு இருந்தால், இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்ற இலவசம் ஒவ்வொன்றுக்கும் கிடைத்துக்கொண்டிருக்கும். சுவரைத் திறந்து ஒரே குடும்பம் ஆன பிறகு அதைக் கேள்வி கேட்பார்கள். முன்கூட்டியே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சொத்து வரியும் அப்படியே. பத்திரம் யார் யார் பெயரில் இருக்கிறது என்பதை அண்ணன் தம்பி இப்போதே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் சுவர் உடைக்க ஒன்பது நாள், அந்தப் பேச்சு முடிய ஒன்றரை ஆண்டு.

இன்னொரு வேண்டுகோள். ஆத்தங்குடி ஓடு, காரைக்குடித் தூண் என்று யாராவது ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அவை அழகில்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலப்பாடி வீடு வேலப்பாடி வீடாக இருக்க வேண்டும். வண்ணம் வேண்டுமென்றால் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் பச்சையும் நீலமுமாய் மெருகேற்றும் மண்பாண்டக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். விளக்கு மாடத்துக்கு நாலு துண்டு அவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.


வேலப்பாடிவாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க அவ்வளவு நாள் பிடித்தது.

தச்சர் வீட்டு ஐயா, ஏணி போட்டு எண்ணினேன். வெண்டிலேட்டரில் ஒன்பது கம்பி. தாமரையில் எனக்குத் தெரிந்தவரை ஏழு இதழ் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆண்டுதோறும் அடித்த வார்னிஷும் அதற்கு முன்பு யாரோ பூசிய பச்சை எனாமலும் இடுக்குகளை அடைத்திருந்தன. பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் சுத்தம் செய்தபோது, இடப்புறக் கிளியின் வாலுக்கு அடியில் ஒன்றும் வலப்புறத்தில் ஒன்றுமாக மேலும் இரண்டு சிறிய இதழ்கள் வெளிப்பட்டன. வலப்புற இதழ் பாதிதான். மரம் அங்கே வெடித்திருக்கிறது. ஆக எட்டரை என்று வைத்துக்கொள்ளலாம். இடப்புறக் கிளியின் அலகு வலப்புறத்துக் கிளியினுடையதைவிடக் கொஞ்சம் நீளம் என்பதையும் அன்றுதான் பார்த்தேன். இதை நகலெடுத்து இயந்திரத்தில் வெட்டியிருந்தால் இரண்டு கிளியையும் ஒன்றாக்கியிருப்பார்கள்.

வடிவமைப்பாளரிடம் கேட்டிலும் அலமாரியிலும் குளியலறையிலும் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திறக்கப்போகும் இரண்டு வழிகளின் தலையில் மட்டும் மரத்தில் அரைவட்டம், அதில் ஒன்பது விரிகதிர். இதழா கம்பியா என்று பார்ப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும். கிளி இல்லை, கிளி தாத்தாவின் வாசலுக்கு மட்டும். கையால் செதுக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவுத் தலைமட்டத்தை ஆசிரியை சொன்னபடி ஒன்றாக்கப் பார்த்தேன். பழைய நிலைகளைத் தொடாமல் அது முடியாது என்று தெரிந்ததால், புதிதாக வைக்கும் கதவுகளுக்கு மட்டும் பின்பற்றுகிறோம்.

சரிவுக்குத் தாழ்வாரத்தின் ஓரம் 7 அடி கிடைக்கிறது. அம்மா ஒரு பலகையைச் சாய்த்துப் போடச் சொல்லி நடந்து பார்த்துவிட்டு, கைப்பிடி இடது பக்கம் வேண்டும் என்றார்.

இப்போது சிக்கல் சுவரில். உத்திரக் கோடுகளை வரைந்து இடம் குறித்துவிட்டு, கொத்தனார் சோதனைக்காக ஒரு செங்கலை எடுத்தார். 9 அங்குலம் போனதும் உளி வெற்றிடத்தில் விழுந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தால், இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதற்குள் மண்ணும், எலி சேர்த்த கந்தலும், அதற்கப்பால் இன்னொரு சுவரின் பூசாத முதுகும். நாங்கள் ஒரே சுவர் என்று நினைத்தது, தனித்தனியாக எழுப்பிய இரண்டு 9 அங்குலச் சுவர்கள். மொட்டைமாடியில் இதற்கு நேர்மேலேதான் ஆண்டுதோறும் ஒழுகுகிறது. கொத்தனார் இடைவெளியில் கான்கிரீட்டை ஊற்றி ஒன்றாக்கிவிடலாம் என்கிறார். ஊற்றலாமா?


காட்பாடி, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் எழுதியது:

ஊற்ற வேண்டாம். சோதனை பார்த்துவிட்டு வேலையை நிறுத்தியது நல்லது.

இரண்டு வீடும் தனித்தனி அடித்தளத்தில் நிற்கின்றன; இத்தனை ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று தெரியாமல் இறங்கியும் அசைந்தும் பழகியவை. நடுவில் கான்கிரீட்டை ஊற்றினால், ஒன்று அசையும்போது மற்றதையும் இழுக்கும். விரிசல் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரக் கான்கிரீட்டின் அழுத்தத்தையே அந்த 9 அங்குலச் சுவர் தாங்குமா என்பதும் சந்தேகம்.

முன்பு சொன்ன பாதிப் பாதி முறைக்கு இனி அவசியம் இல்லை. ஒவ்வொரு சுவருக்கும் அதனதன் பீம், ஒன்றையொன்று தொடாமல். தாத்தா வீட்டுப் பீம் தாத்தா வீட்டுப் பாரத்தை மட்டும் சுமக்கட்டும். 9 அங்குலச் சுவர் என்பதால், பீமின் நுனிக்குக் கீழே வெறும் மெத்தை போதாது. வழியின் இருபுறமும் அடித்தளத்திலிருந்து செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் உட்கார வையுங்கள். நேரில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துக் கணக்குப் போடச் செய்த பிறகே மேற்கொண்டு உடைக்க வேண்டும்.

ஒழுகலுக்கு மருந்து மேலேதான். மொட்டைமாடியில் இடைவெளியின் இருபுறமும் ஆறு அங்குல உயரத்துக்குச் சின்னத் திட்டு எழுப்பி, ஒரு பக்கத் திட்டில் மட்டும் ஆணியடித்த தகட்டு மூடியை மறுபக்கத்தின்மேல் மடித்து விடுங்கள். கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் கிடைத்தால் திட்டுக்கு அதுவே போதும். சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட வேண்டும்.

குடியாத்தத்து அம்மா சொன்ன கடப்பைக் கல் பட்டை இந்த இடத்துக்கு மிகவும் பொருத்தம். சரிவு ஏறி முடிகிற மட்டத்தில், சரியாக அந்த இரண்டு விரல் இடைவெளியின்மேல் அது வரட்டும். ஆனால் கல்லை இரண்டு பக்கமும் கலவை வைத்துப் பதிக்கச் சொல்லாதீர்கள். தாத்தா வீட்டுப் பக்கம் மட்டும் கலவை. மறுபக்கம் மணல்மேல் சும்மா உட்காரட்டும், ஓரத்தில் ஒரு நூல் இடம் விட்டு.